ஆக்‌ஷன் ஸ்க்ரூ அடிக்கடி தளர்கிறதா? இறுக்கும் முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

போன வாரம் ஒரே இடத்தில் விழுந்த குண்டுகள் இந்த வாரம் மேலும் கீழுமாகச் சிதறுகின்றன. புதிதாகச் சுட வந்தவர் முதலில் ஸ்கோப்பைத் திருகிப் பார்ப்பார். சரிவரவில்லை என்றால் பெல்லட்டையோ தோட்டாவையோ மாற்றுவார். அதற்கும் மசியாவிட்டால் தன் கையையே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவார். இத்தனைக்கும் முன்னால் ஸ்டாக்கின் (ரைபிளைப் பிடிக்கும் மர அல்லது பிளாஸ்டிக் கட்டை) அடியில் இருக்கும் இரண்டு மூன்று ஸ்க்ரூக்களைத் தொட்டுப் பார்த்திருந்தால் பாதிப் பேருடைய அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

பேரல், ட்ரிகர், போல்ட் ஆகியவை சேர்ந்த இரும்புப் பகுதியை, அதாவது ஆக்‌ஷனை, ஸ்டாக்கோடு சேர்த்துப் பிடிப்பவைதான் ஆக்‌ஷன் ஸ்க்ரூக்கள். போல்ட் ஆக்‌ஷன் ரைபிளில் பெரும்பாலும் முன்னே ஒன்று, பின்னே ஒன்று. சில .22 ரைபிள்களில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஸ்பிரிங் ஏர் ரைபிளில் முன்கட்டையின் இரு பக்கமும் ஒவ்வொன்று, ட்ரிகர் கார்டில் ஒன்றோ இரண்டோ.

ஒருமுறை தளர்ந்தால் இறுக்கிவிட்டுப் போகலாம். இறுக்க இறுக்கத் தளர்ந்துகொண்டே இருந்தால், கோளாறு அநேகமாக ஸ்க்ரூவில் இல்லை. அதன் தலைக்குக் கீழே இருக்கிறது. அங்கே ஏதோ அமுங்குகிறது, அல்லது நகர்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் இன்னும் பலமாக முறுக்குவதும், நேராக லாக்டைட் (ஸ்க்ரூ கழலாமல் பூட்டும் திரவம்) பாட்டிலை எடுப்பதும் நோயை மூடி மறைக்கிற வேலை. பலமாக முறுக்கினால் மரம் இன்னும் அமுங்கும். அடுத்த முறை இன்னும் சீக்கிரம் தளரும்.

ஸ்க்ரூ எதனால் பிடித்து நிற்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாக விளங்கும். ஸ்க்ரூவை இறுக்கும்போது அது மிக லேசாக நீள்கிறது. நீண்டது திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுவிசைதான் ஆக்‌ஷனையும் ஸ்டாக்கையும் ஒன்றோடொன்று நெருக்கி வைத்திருக்கிறது. 6 மி.மீ. விட்டமுள்ள, 25 மி.மீ. நீளத்துக்கு இழுபடும் ஒரு எஃகு ஸ்க்ரூவை 4 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால் அது நீள்வது சுமார் 0.02 மி.மீ. மட்டுமே. சாதாரணத் தாளின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு. மரம் தொடர்ந்து அழுத்தத்தில் இருந்தால் சில மாதங்களில் இதைவிட அதிகமாகவே அமுங்கிவிடலாம். அப்போது ஸ்க்ரூ ஒரு இழைகூடச் சுழன்றிருக்காது. ஆனால் பிடி போயிருக்கும்.

இன்னொரு வழி, ஸ்க்ரூ உண்மையிலேயே சுழன்று கழல்வது. 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் இதை ஆராய்ந்து வெளியிட்டார். ஸ்க்ரூவின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, இணைந்த இரண்டு பாகங்களும் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதுதான் அதை வேகமாகக் கழற்றுகிறது என்று அவருடைய சோதனைகள் காட்டின. ரைபிளில் அந்த வழுக்கல் எது? சுடும் ஒவ்வொரு முறையும் ஆக்‌ஷன் ஸ்டாக்குக்குள் மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்வது.

ஸ்பிரிங் ஏர் ரைபிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை ஏன் அதிகம் என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைபிள் பின்னால் உதைக்கும். பிஸ்டன் சிலிண்டரின் முனையை எட்டி நிற்கும்போது ரைபிள் முன்னால் இழுபடும். ஒரே சுடலில் இரண்டு திசை உதை. முன்கட்டை ஸ்க்ரூக்களோ குட்டையானவை. நீள்வதற்கு இடமே குறைவு. அவைதான் முதலில் தளரும்.

முதலில் பாதுகாப்பு

மேசைமேல் தோட்டாவோ பெல்லட்டோ இருக்கக் கூடாது. அவை வேறு அறையில் இருக்கட்டும். முதலில் மேகசினைக் கழற்றுங்கள். பிறகு போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தொட்டு உறுதி செய்யுங்கள். அதன் பின் போல்ட்டையே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். ஏர் ரைபிள் என்றால் ஸ்பிரிங் காக் ஆகி (அழுந்திச் சுடத் தயாராக) இருக்கக் கூடாது, பேரலில் பெல்லட் இருக்கக் கூடாது.

ஸ்டாக்கைப் பிடிக்கும் ஸ்க்ரூக்களைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். ஸ்பிரிங் ரைபிளின் பின்மூடி, பெரிய ஸ்பிரிங் ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கென்று உள்ள கம்ப்ரஸர் இல்லாமல் கழற்றினால் முகத்தில் பாயும். காற்று நிரப்பும் பிசிபி ரைபிளில் சிலிண்டரைச் சேர்ந்த ஸ்க்ரூவையும் ஸ்டாக் ஸ்க்ரூவையும் பிரித்தறியத் தெரியவில்லை என்றால் கையேட்டைப் பார்க்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

கோடு போட்டுப் பாருங்கள்

கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதைவிட நம்பகமான சோதனை தெரியாது.

ஸ்க்ரூக்களை வழக்கமான அளவுக்கு இறுக்குங்கள். ஸ்க்ரூத் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயின்ட் பேனாவாலோ நகப்பூச்சாலோ மெல்லிய நேர்க்கோடு ஒன்று இழுங்கள். காய்ந்ததும் வழக்கம்போலச் சுடுங்கள். பிடி தளர்ந்துவிட்டதாகத் தோன்றும்போது கோட்டைப் பாருங்கள்.

கோடு உடைந்து தலைப்பக்கத் துண்டு விலகியிருந்தால், ஸ்க்ரூ சுழன்றிருக்கிறது. ஆக்‌ஷன் ஸ்டாக்குக்குள் வழுக்குகிறது, அல்லது மரையில் எண்ணெய் அதிகம், அல்லது ஆரம்பத்திலேயே போதிய இறுக்கம் இல்லை.

கோடு நேராகவே இருந்தும், கருவியை வைத்ததும் ஸ்க்ரூ எளிதாகத் திரும்பினால், அது தானாகச் சுழலவில்லை. அடியில் இருக்கும் மரமோ பிளாஸ்டிக்கோ அமுங்கியிருக்கிறது. இந்த வகைக்கு லாக்டைட் எவ்வளவு போட்டாலும் பிரயோஜனமில்லை. சுழலாத ஸ்க்ரூவைச் சுழலாமல் தடுத்து என்ன ஆகப்போகிறது?

கருவிகள்

தலைக்குச் சரியாகப் பொருந்தும் கருவி வேண்டும். அமெரிக்க அளவு 5/32 அங்குலம் என்பது 3.97 மி.மீ.; அதில் 4 மி.மீ. கீ நுழையாமலும் போகலாம், நெருக்கிக்கொண்டு நுழையவும் செய்யலாம். 3/16 அங்குலம் 4.76 மி.மீ.; 4.5 மி.மீ. கீ அதில் நுழைந்து, ஆடி, மூலைகளை மழுக்கிவிடும். எந்த அளவு முறை என்று தெரிந்துகொண்டு கையை வையுங்கள். கோடு வெட்டிய தலை என்றால், நுனி வரை இரு பக்கமும் இணையாக இருக்கும் துப்பாக்கி ஸ்க்ரூடிரைவர்தான் வேண்டும். ஆப்பு போலச் சரிந்த சாதாரண ஸ்க்ரூடிரைவர் மேலே ஏறி வழுக்கி, தலையையும் கெடுக்கும், பக்கத்து மரத்தையும் கீறும்.

முறுக்கு விசையை அளக்கும் சிறிய டார்க் டிரைவர் ஒன்று இருந்தால் நல்லது. கார் சக்கரத்துக்கான டார்க் ரெஞ்ச் ஆகாது. அதன் அளவுகோல் தொடங்கும் இடமே நமக்குத் தேவையானதைத் தாண்டியிருக்கும். ஒரு நியூட்டன் மீட்டர் என்பது 8.85 அங்குல-பவுண்டு. கையேட்டில் இருப்பது அங்குல-பவுண்டா அடி-பவுண்டா என்று இரண்டு முறை படியுங்கள். ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் பன்னிரண்டு மடங்கு வித்தியாசம், மரை போய்விடும்.

அளக்கும் கருவி இல்லாதவர்கள் எல் வடிவ ஆலன் கீயின் நீண்ட காலை ஸ்க்ரூவுக்குள் விட்டு, குட்டைக் காலை இரண்டு விரல்களால் மட்டும் திருப்புங்கள். அந்த நீளத்துக்கு அதிக விசை கொடுக்க முடியாது. துல்லியம் இல்லை, ஆனால் விபத்தும் இல்லை.

கழற்றி என்ன பார்க்க வேண்டும்

ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகத் தளர்த்தி எடுங்கள். எது முன், எது பின் என்று குறித்து வையுங்கள். நீளம் பெரும்பாலும் வேறுபடும், மாறினால் ஆபத்து. வாஷர் இருந்தால் எந்தப் பக்கம் மேலே என்று கவனியுங்கள். ஏர் ரைபிளின் முன்கட்டையில் இருக்கும் கிண்ண வடிவ வாஷர் தொலைந்துபோயிருப்பதே பல நேரம் முழுக் காரணம். அது இல்லாவிட்டால் ஸ்க்ரூத் தலை மரத்தை நேராகத் தின்னும்.

இப்போது தலை உட்காரும் இடம். மரத்தில் வளையமாகப் பள்ளம் விழுந்து நார் நசுங்கியிருக்கிறதா? பிளாஸ்டிக் வெளுத்து விரிசல் விட்டிருக்கிறதா? அப்படியென்றால் அமுங்கும் கதை உறுதி.

அடுத்தது ஸ்க்ரூவின் நீளம். குருட்டுத் துளையில் போகும் ஸ்க்ரூ, ஸ்டாக்கை இறுக்கும் முன்பே துளையின் அடியைத் தொட்டுவிட்டால், கைக்கு இறுகியதாகத்தான் தெரியும். ஆனால் ஸ்டாக்கை அது பிடிக்கவே இல்லை. ஆக்‌ஷனை மட்டும் தனியாக வைத்து ஸ்க்ரூவைக் கையால் முழுவதும் திருகி, வெளியே எவ்வளவு நிற்கிறது என்று அளங்கள். ஸ்டாக்கில் தலை உட்காரும் இடத்திலிருந்து ஆக்‌ஷன் உட்காரும் பரப்பு வரையுள்ள தூரத்தைவிட அது அதிகமாக இருந்தால் ஸ்க்ரூ நீளம். போல்ட் ஆக்‌ஷனின் முன் ஸ்க்ரூ நீளமாக இருந்தால் அதன் முனை போல்ட்டின் லக் (போல்ட்டைப் பூட்டும் துருத்தல்) ஓடும் இடத்துக்குள் எட்டிப் பார்க்கும். பொருத்திய பிறகு போல்ட் எங்காவது உரசினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

மேகசின் பெட்டி உள்ள ரைபிளில் இன்னொரு மறைவான காரணம் உண்டு. பெட்டி ஒரு துளி உயரமாக இருந்தால், ஆக்‌ஷனுக்கும் ட்ரிகர் கார்டுக்கும் நடுவே அதுவே முட்டுக்கொடுத்து நின்றுவிடும். நீங்கள் இறுக்குவது ஸ்டாக்கை அல்ல, தகரப் பெட்டியை. எல்லாம் பொருத்திய பிறகு பெட்டி மேலும் கீழும் லேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் அதைத்தான் கவனிக்க வேண்டும்.

கடைசியாக ரீகாயில் லக், அதாவது ஆக்‌ஷனின் அடியில் துருத்திக்கொண்டு உதையை ஸ்டாக்குக்குக் கடத்தும் இரும்பு நாக்கு. அதன் பின்முகம் ஸ்டாக்கோடு முழுதாகப் படிய வேண்டும். படியாவிட்டால் உதையை ஸ்க்ரூ வாங்கும். ஸ்க்ரூவின் தண்டில் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாகத் தேய்ந்திருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. ஸ்க்ரூ தன் துளையின் சுவரைத் தொடவே கூடாது.

சுத்தம் செய்து பொருத்துவது

ஆக்‌ஷன் மரையையும் ஸ்க்ரூ மரையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். ஸ்பிரே அடிக்க வேண்டாம். ஸ்டாக்கின் பாலிஷும் ட்ரிகரும் பாழாகும். இது வெறும் சுத்தத்துக்காக இல்லை. நீங்கள் கொடுக்கும் முறுக்கு விசையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இழுவிசையாக மாறுகிறது. மீதி தலையின் அடியிலும் மரையிலும் உராய்வாகப் போகிறது. மரையில் எண்ணெய் இருந்தால் அதே அளவுக்குத் திருகினாலும் இழுவிசை எகிறிவிடும். ஒருமுறை எண்ணெயோடும் ஒருமுறை காய்ந்தும் இறுக்கினால் டார்க் டிரைவரில் ஒரே எண் வந்தாலும் பிடி ஒன்றாக இருக்காது.

ரைபிளைப் பின்கட்டை தரையில் ஊன்றி நிமிர்த்தி நிறுத்துங்கள். ஆக்‌ஷன் தன் எடையால் இறங்கி, லக் ஸ்டாக்கோடு ஒட்டி உட்காரும். ஸ்க்ரூக்களை விரலால் மட்டும் திருகுங்கள். பின்கட்டையை மென்மையான ஏதாவது ஒன்றின்மேல் ஒன்றிரண்டு முறை தட்டுங்கள். பிறகு லக்குக்கு அருகில் இருக்கும் ஸ்க்ரூவைப் பாதி அளவுக்கும், மற்றதைப் பாதி அளவுக்கும், மீண்டும் முதல் ஸ்க்ரூவை முழு அளவுக்கும், அடுத்ததை முழு அளவுக்கும் இறுக்குங்கள். நடுவில் மூன்றாவது ஸ்க்ரூ இருக்கும் ரைபிள்களில் அது பெரும்பாலும் சும்மா பிடித்திருந்தால் போதும். பலமாக இறுக்கினால் ஆக்‌ஷன் வளையும்.

எவ்வளவு என்று உற்பத்தியாளர் சொல்லியிருந்தால் அதுவே சட்டம். சொல்லாதபோது பொதுவாக வழங்கும் அளவுகள் இவை: வெறும் மர ஸ்டாக்கில் 4 முதல் 5 நியூட்டன் மீட்டர்; ஸ்க்ரூத் துளைக்குள் அலுமினியத் தூண்களோ அலுமினியத் தளமோ உள்ள பெரிய ரைபிள்களில் 7 சொச்சம், அதாவது 65 அங்குல-பவுண்டு; .22 ரைபிள்களில் சுமார் 2 முதல் 3. ஏர் ரைபிளின் குட்டை ஸ்க்ரூக்களுக்கு 2இல் தொடங்குங்கள். குறைவான பக்கத்திலிருந்து மேலே வருவதுதான் எப்போதும் நல்லது. நீங்கள் முடிவு செய்த எண்ணை எழுதி ரைபிள் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள்.

புதிய ஸ்டாக்கோ புதிய வாஷரோ என்றால் முதல் இருபது முப்பது சுடலுக்குப் பிறகு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். படிமானம் அப்போதுதான் நடக்கும். மர ஸ்டாக் ஈரத்தில் ஊதும், வறட்சியில் சுருங்கும். பருவம் மாறும்போதெல்லாம் ஒரு பார்வை தேவை. இறுக்கத்தை மாற்றினால் குண்டு விழும் இடமும் மாறலாம், ஆகவே குண்டு விழும் இடத்துக்கு ஏற்ப ஸ்கோப்பை மறுபடி ஜீரோ செய்யாமல் எதையும் முடிவு கட்டாதீர்கள். அதற்கு முன் ஸ்கோப் மவுண்ட் ஸ்க்ரூக்களையும் பார்த்துவிடுங்கள். அவை தளர்ந்திருந்தாலும் அறிகுறி இதே மாதிரிதான் இருக்கும்.

லாக்டைட் எப்போது

எல்லாம் சரியாக இருந்தும் கோடு உடைந்துகொண்டே இருந்தால் அப்போது போடலாம். ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு இது நியாயமான தீர்வு.

1953இல் வேதியியலாளர் வெர்னன் கிரீபில் உருவாக்கிய இந்தத் திரவம் காற்று இல்லாத இடத்தில், உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் மட்டுமே கெட்டிப்படும். அதனால் பாட்டிலில் திரவமாகவே இருக்கும், மரைக்குள் இறுகும். நீல நிற வகை போதும், சிறிய ஸ்க்ரூக்களுக்கு ஊதா. சிவப்பு வேண்டவே வேண்டாம். அதைக் கழற்ற சுமார் 250 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். ஸ்டாக்கோடு இருக்கும் ரைபிளுக்கு அந்தச் சூட்டைக் காட்ட முடியாது.

மரையில் ஒரு சொட்டு. வழிய வழியப் போட்டால் ட்ரிகருக்கோ போல்ட்டின் லக் ஓடும் பாதைக்கோ இறங்கி அங்கே இறுகும். முழு பலம் வர 24 மணி நேரம் ஆகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவில் இன்னும் தாமதமாகும். அதுவரை சுட வேண்டாம். சிலவகைப் பிளாஸ்டிக்குகளில் இது விரிசல் விழச் செய்யும், பிளாஸ்டிக் ஸ்டாக்கில் பட்டால் உடனே துடைத்துவிடுங்கள்.

ஸ்பிரிங் வாஷர் போடச் சொல்பவர்கள் உண்டு. பக்கவாட்டு அதிர்வுச் சோதனைகளில் அது கழல்வதைத் தடுக்கவில்லை என்று தெரிந்து பல காலம் ஆகிவிட்டது. டெஃப்லான் டேப் மரையை வழுக்க வைக்கும். சூப்பர் க்ளூ பக்கமே போகாதீர்கள்.

அமுங்கும் ஸ்டாக்குக்கு உண்மையான மருந்து

கோடு நகராமல் பிடி போன ரைபிளுக்குத் தூண் வைப்பதுதான் தீர்வு. ஸ்க்ரூ போகும் துளைக்குள் ஒரு அலுமினியக் குழாயை எப்பாக்சியால் பதிக்கிறார்கள். ஸ்க்ரூத் தலைக்கும் ஆக்‌ஷனுக்கும் நடுவே முழுக்க உலோகம். அமுங்க மரமே இல்லை. இது புது யோசனையும் இல்லை. 1898ஆம் ஆண்டு மவுசர் ராணுவ ரைபிளில் பின் ஸ்க்ரூவைச் சுற்றி ஒரு எஃகுக் குழாய் இருந்தது. ஸ்க்ரூ சுழலாதபடி அதன் தலையருகே ஒரு குட்டிப் பூட்டு ஸ்க்ரூவும் இருந்தது. அமுங்குவது ஒரு நோய், சுழல்வது வேறு நோய் என்று அன்றே தெரிந்து, இரண்டுக்கும் தனித்தனியாக மருந்து வைத்திருக்கிறார்கள்.

தூணோடு, ஆக்‌ஷன் உட்காரும் தளத்தையும் எப்பாக்சியால் வார்த்துச் சமன் செய்வதைப் பெடிங் என்பார்கள். அது தேவையா என்று வீட்டிலேயே பார்க்கலாம். முழுதும் இறுக்கிய ரைபிளில் பேரலுக்கும் முன்கட்டை நுனிக்கும் நடுவே விரல் நுனியை வைத்துக்கொண்டு முன் ஸ்க்ரூவை மட்டும் மெல்லத் தளர்த்துங்கள். பேரல் நகர்வது விரலுக்குத் தெரிந்தால், ஸ்டாக் ஆக்‌ஷனை வளைத்துப் பிடித்திருக்கிறது. டயல் கேஜ் இருந்தால் 0.05 மி.மீ. வரை கவலை இல்லை, 0.1ஐத் தாண்டினால் பெடிங் வேண்டும். எப்பாக்சி ஆக்‌ஷனில் ஒட்டாமல் இருக்கப் பூசும் ரிலீஸ் ஏஜென்ட்டை ஓரிடத்தில் விட்டுவிட்டாலும் ரைபிளும் ஸ்டாக்கும் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். முதல் ரைபிளில் இதைத் தனியாக முயலாதீர்கள். தெரிந்தவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஆக்‌ஷனுக்குள் இருக்கும் மரை தேய்ந்து ஸ்க்ரூ வெறுமனே சுற்றினால், ஸ்க்ரூத் தலை மழுங்கி வெளியே வர மறுத்தால், லக்குக்குப் பின்னால் மரத்தில் விரிசல் ஓடியிருந்தால், உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள். தேய்ந்த மரைக்குள் புதிய மரைச் சுருள் வைக்க முடியும். ஆனால் எங்கே எவ்வளவு துளைக்கலாம் என்பது ஆக்‌ஷனின் பலத்தைப் பொறுத்தது. விரிசல் கண்டால் சரிசெய்யும் வரை அந்த ரைபிளால் ஒரு குண்டுகூடச் சுட வேண்டாம்.